முப்பது புள்ளியும் ஒரே வரத்துக்கு

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உன் நலத்தை உன் அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். சாப்பிடுகிறாயாம், தூங்குவதில்லையாம். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னால், "அவ குளிக்கிறா" என்கிறார். மூன்று நாளாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டேன். கடையில் பெரிய ஜெராக்ஸ் மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. பஸ் ஓட்டும் நம் நண்பர் உன்னை விசாரித்தார். "தங்கச்சி இல்லாம ரூல்ஸ் பேசிச் சண்டை போட ஆளே இல்லப்பா, எப்ப வருது?" என்றார். ஆளுக்கொரு கதாபாத்திரமாக நாம் ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று ஆட்டப் பெட்டியைப் பரணில் போடுவதற்காக எடுத்தேன். பகடைகள், வரைபடம், எல்லோருடைய கதாபாத்திரத் தாள்களும் அப்படியே இருந்தன. உன் தாளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே உறைக்கிறது.

அப்போது நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. மனசு மாறட்டும் என்று நான்தான் புது ஆட்டம் ஆரம்பிக்கலாம் என்றேன். என் தங்கை அப்போதே, "இப்ப எதுக்குண்ணா?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. ஆளுக்கு முப்பது புள்ளி. பலம், வேகம், அறிவு என்று ஆறு குணங்களுக்குப் பிரித்துப் போட்டு, பிடித்த வரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவரவர் பாத்திரத்தை உருவாக்க வேண்டும். பஸ்காரர் வழக்கம்போல் எல்லாவற்றையும் பலத்தில் கொட்டினார். தங்கை ஒரு திருடியை உருவாக்கினாள். நீ கடைசியாகத் தாளை நீட்டினாய்.

ஆறு குணமும் பூஜ்யம். முப்பது புள்ளியும் ஒரே வரத்துக்கு. செத்தவரில் ஒருவரை, ஒரே ஒரு முறை, திரும்பக் கூப்பிடும் வரம்.

நான் சிரித்தேன். ஆட்டத்தை நடத்தும் நடுவர் என்ற கெத்தில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுத்தேன். இப்படி ஒரு வரம் இருந்தால் யாருக்கும் சாவைப் பற்றிப் பயமே இருக்காது, மற்றவர்களின் பாத்திரம் எதற்கும் உதவாமல் போகும், ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் ஆகிவிடும் என்றேன். அதோடு விட்டேனா? "செத்தா செத்ததுதான். இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அரைப் புள்ளிக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவள் நீ. அதனால்தானே உனக்கு வக்கீலம்மா என்ற பட்டப்பெயரே. அன்றோ ரப்பரை எடுத்து அழித்தாய், ஆறு குணத்துக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டாய், சாயங்காலம் வரை ஆடினாய், எல்லோருடைய டம்ளரையும் கழுவி வைத்தாய். அந்த வாரமே அக்கா வீட்டுக்கு டிக்கெட் போட்டாய்.

தாளுக்குப் பின்பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? நம் கடையில் நானே அடித்த தாள். பாத்திரத்தின் கதையை எழுத இடம் விட்டதும் நானே. அன்று திருப்பிப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் பார்த்தேன். நீ அதை அழிக்கவில்லை.

"வைத்தியம் தெரிந்தவள். தன் பெண்ணை மட்டும் காப்பாற்ற முடியாதவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை வரும். வந்ததும் இவள் போய்விட வேண்டும், அதுதான் விலை. நடுவர் பார்க்கவும்: விலை போதுமா?"

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஏழாவது மாதத்தில் நமக்கு நடந்ததில் ஒரு நியாயமும் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. அந்த மேசையில் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே சட்டம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: விலை போதும். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த விலையை என்னால் தாங்க முடியாது. நீ போய்விட்டாய், அவளும் வரவில்லை.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. அக்காவிடமே இரு, வேளைக்குச் சாப்பிடு, தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் போ. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் குழந்தையின் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. அதை நிரப்பிய நர்ஸம்மா கேட்டபோது, "பேர் வைக்கல, விட்டுடுங்க" என்று நான்தான் சொன்னேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நீ ஒரு பெயர் வைத்திருந்தாய், இல்லையா?

வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. வரமாட்டாள், தெரியும். நானும் ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா