என் உயரத்துக்கு ஒரு வலை

சாந்தோம்,
14-8-1943

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சர்வேசுரன் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். பட்டாளத்திலிருந்து போன கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தூண்டில்காரர்களுக்கு இரை மீன் பிடித்து விற்கலாமென்று உங்கள் வீச்சு வலையை அடையாற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனேன். அது உங்கள் உயரத்துக்குப் பின்னியது. நான் வீசினால் விரியாமல் மூட்டையாக விழுந்தது.

அதனால் கரீம் பாய் கடைக்குப் போய், என் தோள் உயரத்தில், ஈயக்குண்டு குறைவாக, மடவை மீன் குஞ்சும் தப்பாத சின்னக் கண்ணி வலை ஒன்றை எடுத்தேன்.

"அவரு வந்தா இது பத்தாதேம்மா," என்றார் பாய்.

"இப்போ வீசப்போறது நான்தானே பாய்," என்றேன்.

பணத்துக்கு மாற்றாக உங்கள் பழைய வலையைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஏழு தடவை வீசியும் சரியாக விழவில்லை. எட்டாவது தடவை வட்டமாக விரிந்தது. கரையில் காத்திருந்த தூண்டில்காரர் ஒருவர் தன் கூடையை நீட்டினார். விழுந்த மீனையெல்லாம் அதில் கொட்டினேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் வலையைக் கொடுத்தது தப்புதான். நீங்கள் வந்ததும் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை கோபம் தாங்காவிட்டால் என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி