பதினான்கு பேர்

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று நாளாகப் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

உன் நிலவியல் படிப்பைப் பல்கலைக்கழகம் மூடப்போகிறது. பதினைந்து பேருக்குக் குறைந்த வகுப்புகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சென்ற மாதம் முப்பதாம் தேதி கணக்கெடுத்தார்கள். உங்கள் வகுப்பில் பதினான்கு. அடுத்த வாரம் உங்கள் வளாகத்துக்கு அறிவிப்பு வரும். அதைப் பதிவாளர் ஆபீஸில் தட்டச்சு செய்ததே நான்தான், கண்ணு.

உங்கள் வகுப்பில் பதினைந்தாவதாக இருந்தவள் உன் அறைத்தோழி வாயாடிதான். அவள் கணினிப் பிரிவுக்கு மாறும் ஃபைல் இருபத்தெட்டாம் தேதி என் மேசைக்கு வந்தது. எங்கள் பிரிவில் எந்த ஃபைலும் ஒரு வாரம் தூங்காமல் எழுந்ததில்லை. எனக்குத்தான் ஆபீஸில் அவசரக்குடுக்கை என்று பெயராயிற்றே! நீ வேறு, "பாவம்ப்பா, சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க" என்றிருந்தாய். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நாலு மாடி ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. அந்த ஃபைல் மூன்றே நாள் சும்மா கிடந்திருந்தால் நீங்கள் பதினைந்து பேர். இப்படியொரு விதி வந்தது ஒன்றாம் தேதி காலையில்தான் எங்களுக்கே தெரியும்.

பதிவாளரிடம் போய் நின்றேன். இருபத்தாறு வருஷத்தில் எனக்காக நான் எதுவும் கேட்டதில்லை. நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "உங்க பொண்ணுக்காகத் தேதிய மாத்தினா, மத்த பதினொரு படிப்புக்கும் நான் என்னங்க பதில் சொல்றது?" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

புதிய விதிப்படி உன் இரண்டு வருட மதிப்பெண்ணை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாமாம். பெரிய வாய்ப்பு என்கிறார்கள். ஏழு இடத்துக்குப் போன் போட்டேன். ஐந்தில் நிலவியலே கிடையாது. ஒன்றில் இடமில்லை. மற்றொன்றில், எழுதிப் போடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன், உடனே பூர்த்தி செய்து அனுப்பு. கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடைக்காவிட்டால் உங்களையெல்லாம் கணினிப் பிரிவில்தான் போடுவார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் கற்களை அலமாரியில் அடுக்கிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு கல்லப் பாத்தே வயசு சொல்லுவா" என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

வாயாடியிடமும் சொல்லாதே. எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறாள், பாவம். நீ கேட்டதால்தான் என்று உன்னையும் நொந்துகொள்ளாதே. ஓடினது என் கால். கோபம் முழுவதையும் என்மேல் கொட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ நன்றாயிருக்க வேண்டும், கண்ணு.

உன்,
அவசரக்குடுக்கை அப்பா