மறைந்த படர்தாமரை

1963, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

தங்கை செல்லத்துக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து நான் அவள் வாழ்க்கைப்பட்ட பண்பொழிக்குப் போகவில்லை. சாரலில் ஈரச் சேலையோடே வேலை செய்து முழங்கையில் படர்தாமரை வந்திருந்தது. பட்டால் குழந்தைக்கும் ஒட்டும் என்று தென்காசி டாக்டர் சொன்னார். நானாகவே விலகி இருந்தேன். அவர் சொன்னபடி கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வட்டத்தைத் தாண்டியும் களிம்பை மெல்லியதாகத் தடவினேன். என் துண்டைத் தனியாக வெந்நீரில் அலசினேன். வட்டம் மறைந்தது.

"இனி பிள்ளையைத் தூக்கலாம்மா. ஆனா களிம்ப உடனே நிறுத்திராதீங்க. இன்னும் ரெண்டு வாரம் போடணும், இல்லைன்னா திரும்ப வரும்" என்றார் டாக்டர்.

இன்று போனேன். பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் பையிலிருந்து எடுத்தபோது களிம்பு டப்பாவும் சேர்ந்து கீழே விழுந்தது. செல்லம் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"தொடாதக்கா. இன்னும் மருந்து போடுதியே!"

"ஏட்டி, எல்லாம் போயிட்டு. கையப் பாரு. திரும்ப வராம இருக்கத்தான் போடுதேன்."

"எங்க மாமியா இது குஷ்டம்னு சொல்லுதாவ. எனக்குப் பயமா இருக்கு."

கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கவே இல்லை. அம்மா இல்லாத அவளை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் நான்.

நான் கிளம்பும்போது செல்லம் வாசலில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். பிள்ளை என்ன கனம் இருப்பான் என்று தெரியாமலே வந்துவிட்டேன்.