நான் மாலை போட்ட படம்

அந்த ஆணியில் இன்று காலையிலிருந்து வேறொருவர் தொங்குகிறார். நான்தான் மாட்டினேன். புதுச் சட்டத்தின் வார்னிஷ் வாசனை கூடம் முழுக்க நிற்கிறது. கோணலாக இருக்கிறதோ என்று மூன்று முறை ஸ்டூலில் ஏறி இறங்கிவிட்டேன். கோணல் எதுவும் இல்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

ஆழ்வார்குறிச்சியில் நீ பேசி முடித்துக் கொடுத்த அதே வீடு, அதே சீரியல். மாதம் பத்து நாள் சென்னையிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போகிறோம். கதாநாயகியின் செத்துப்போன அப்பாவாக மூன்று வருடம் இந்தச் சுவரில் இருந்தவன் நீ. உன் முன்னால் விளக்கேற்றி அவள் அழாத வாரம் கிடையாது. லைட்டிங் முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். கொல்லையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து சீன் பேப்பரின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

சினிமாவுக்குப் போனவன் நீ. துணைக்கு வந்தவன் நான். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த என்னை, "தனியாப் போக பயமா இருக்குலே, ஒரு மாசம் கூட வந்து இரி" என்று கூட்டிக்கொண்டு போனாய். சென்னையில் நான்கு வருடம் ஒரே அறை. நீ கூட்டத்தில் ஒருவனாகக் கல்யாணப் பந்தியில் பரிமாறினாய், போலீஸ் வேனிலிருந்து குதித்தாய், கோர்ட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாய். கேமரா முன்னால் உன் வாய் திறந்தது அந்தக் கொட்டாவிக்கு மட்டும்தான். எனக்கோ பிரஷ் பிடிக்கத் தெரியும் என்பதால் ஆர்ட் டிபார்ட்மெண்டில் இடம் கிடைத்தது. உன் அப்பா இறந்ததும் அம்மா தனியாகிவிட்டார்கள் என்று நீ ஊருக்குத் திரும்பினாய். ஒரு மாதத்துக்கு வந்தவன் தங்கிவிட்டேன்.

அப்புறம் இந்தப் பக்கம் வருகிற கம்பெனிகளுக்கெல்லாம் நீதான் லொக்கேஷன் ஆள். பாபநாசத்துப் படித்துறை வேண்டுமா, வில்வண்டி வேண்டுமா, வெள்ளை வேட்டியில் ஐம்பது பேர் வேண்டுமா, எல்லாரும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். யூனிட்டே உன்னை அண்ணாச்சி என்றது. ஆனால் ஷாட் ஓடும்போது நீ மானிட்டருக்குப் பின்னால் நின்று, நடிக்கிறவரோடு சேர்ந்து உதட்டை அசைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். அப்பா படத்துக்குச் சென்னையிலிருந்து கொண்டுவந்த முகம் பொருந்தவில்லை என்று டைரக்டர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் போனில் நீ வெள்ளைச் சட்டையோடு ஆற்றங்கரையில் நிற்கிற படம் இருந்தது. அம்பாசமுத்திரம் ஸ்டூடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பொட்டு வைத்து, சந்தன மாலையும் போட்டு மாட்டிவிட்டேன். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் ஷாட் முடிந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைப்பது எங்கள் வழக்கம். அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அதைவிடப் பெரிய வழக்கம். அவசரத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை. நீ வண்டிமாடு பிடிக்கப் போயிருந்தாய். திரும்பி வந்து சுவரைப் பார்த்தாய்.

"ஏலே, என்னையக் கொன்னுட்டு நீ பாட்டுக்கு டீ குடிக்கே" என்று சிரித்தாய். பிறகு கிட்டப் போய்ப் பார்த்து, மூக்கு படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்றும் சொன்னாய்.

உன் அம்மாவால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. சீரியல் ஓட ஆரம்பித்த வாரத்தில் உனக்குக் கூடி வந்திருந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. மாப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாரா என்று பெண் வீட்டார் தரகரிடம் கேட்டார்களாம். வயது நாற்பதை நெருங்கியிருந்த உனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் அமையவில்லை. நான் பெரியம்மா என்று கூப்பிடும் உன் அம்மா, தானே ஒரு பூசணிக்காய் வாங்கி உன்னை முச்சந்தியில் நிறுத்தி உடைத்தார்கள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

நீ அதற்கெல்லாம் கேட்ட பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வைக்கச் சொல்லுலே. ஒரே ஒரு சீனு. உசுரோட ஒரு தடவை காட்டிரு." வசனத்தையும் நீயே எழுதி வைத்திருந்தாய். கதைப்படி அந்த அப்பா வீட்டை விட்டுக் கிளம்பி விபத்தில் போனவர். அவர் கடைசியாக மகளிடம் சொல்கிற வரி அது: "நான் போயிட்டு வாரேன், கதவச் சாத்திக்கோ தாயி."

நீயே டைரக்டரிடம் கேட்டிருக்கலாம். லொக்கேஷன்காரன் வாய்விட்டு சான்ஸ் கேட்டால் மரியாதை போய்விடும், நண்பன் சொன்னால் அது சிபாரிசு என்றாய். சரிதான். நான் சொல்வதாகச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் முதல் நாள் முகம் மழித்து, அந்த வெள்ளைச் சட்டையோடு வருவாய். "என்னலே ஆச்சு?" என்பாய். சொல்லியிருக்கிறேன், அடுத்த ஷெட்யூலில் பார்க்கலாம் என்றிருக்கிறார் என்பேன்.

நான் சொல்லவே இல்லை. ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. ஆர்ட்காரன் கதைக்குள் மூக்கை நுழைத்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியை இன்று எழுதிவிடுகிறேன். நீ திரையில் பேச ஆரம்பித்தால் நான் மறுபடியும் துணைக்கு வந்தவனாகிவிடுவேன் என்று பயந்தேன்.

கூப்பிட்டார்கள். போய் விளக்கை அரை அடி நகர்த்திவிட்டு வந்திருக்கிறேன்.

போன ஐப்பசி மழையில், பாபநாசத்தில் ஒரு கம்பெனிக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. மாலை போட்டதால் நீ போனாய் என்று நான் நம்பவில்லை. ஒரு மாலை பலிக்க அத்தனை நாளா எடுக்கும்? ஆனாலும் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஷெட்யூலிலும் அந்தச் சந்தன மாலையைத் உன் முகத்தைப் பார்க்காமலேதான் தூசி தட்டினேன்.

இந்த மாதம் கதையில் ஃபிளாஷ்பேக் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே வந்துவிட்டது. அப்பாவாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒருவரை அழைத்திருக்கிறார்கள். இனிச் சுவரிலும் அவர் முகம்தான். நேற்று சாயங்காலம் உன்னைச் சுவரிலிருந்து இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, உன் வீட்டில் கொடுக்க அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன். மாலையைக் கழற்றத் தோன்றவில்லை. ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பக்கத்திலிருந்த அம்மாள் உடன்பிறந்தவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பெரியம்மா படத்தை வாங்கி முதலில் மாலையைக் கழற்றினார்கள். பிறகு முந்தானையை நனைத்துப் பொட்டைத் துடைத்தார்கள். "இது அவன் உசுரோட இருக்கையில எடுத்தது. இதுக்கு எதுக்குய்யா பொட்டு?" என்றார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நீ முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் படத்தைச் சாத்தி வைத்துவிட்டு, நீ தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பாய் என்றார்கள்.

"போயிட்டு வாரேன், கதவச் சாத்திக்கோன்னு சொல்லுவான். அடுக்களையில எனக்குக் கேக்கும். எங்கிட்டத்தான் சொல்லுதான்னு நெனச்சு, பைய போயிட்டு வாய்யான்னு சொல்லுவேன். வந்து பாத்தா எங்கயும் போயிருக்க மாட்டான்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நான் டைரக்டரிடம் கேட்கவே இல்லை, உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை.

"அது அவனுக்குத் தெரியும்யா. உன்னையச் சொல்லி, அவன் என்னைக்காவது டைரக்டர்கிட்ட கேப்பான்மா, கேக்க விடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்."

தெரிந்துகொண்டேதான் மாதாமாதம் முகம் மழித்து வந்தாயா? தெரிந்துகொண்டேதான் "என்னலே ஆச்சு" என்றாயா? ராத்திரி முழுக்க லாட்ஜில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு அறை விட்டிருந்தால் மறுநாளே கேட்டிருப்பேன்.

மறுபடியும் கூப்பிடுகிறார்கள். புது நடிகர் தயாராகிவிட்டார். அவர் பேப்பரில் அப்பா பேசுவதற்கு அரைப் பக்கம் இருக்கிறது, எல்லாம் பாசத்தைப் பற்றிய பேச்சு. இதை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

போய் வந்துவிட்டேன். டைரக்டர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இவ்வளவும் எதற்கு, அந்த அப்பா ஒரு வரி சொல்லிவிட்டுப் போகட்டும் என்று உன் வரியைச் சொன்னேன். அவர் ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். பேனாவை எடுத்து மற்றதையெல்லாம் அடித்தார். நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

"நம்ம லொக்கேஷன் அண்ணாச்சியா? அவருக்கு நடிக்க ஆசை இருந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சார், கூப்பிட்டிருப்பேனே" என்றார்.

கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இனி நான் எங்கே போனாலும் அந்த அரை நிமிடம் என்னோடு வரும்.