பழைய ரப்பர் வளையம்

கார்த்திகை 9, செவ்வாய்

காரின் ஒயில் கசிவைக் கண்டுபிடித்தாயிற்று. ஒயில் அழுக்கோடு காட்ட வெட்கப்பட்டு எஞ்சினைக் கழுவிவிட்டுக் கொண்டுபோனதற்குப் பதுளை கராஜில் மெக்கானிக் நிஸாம் நானா திட்டினார்.

"தடத்தையெல்லாம் கழுவிட்டா நான் எதைப் பாக்கிறது? கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க."

தெமோதரை வரை ஓட்டித் திரும்பினேன். ஒயில் ஃபில்டரைக் கழற்றினார். போன மாதம் நானே மாற்றியது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருந்ததைப் பார்க்காமல், அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறேன்.

"ரெண்டு வளையம் இருந்தா இறுகாது. எந்த வளைவிலயும் மொத்த ஒயிலும் கொட்டியிருக்கலாம். எஞ்சின் போயிருக்கும்."

ஞாயிறு மழையில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வியைப் பிரசவ வலியோடு இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மாலையில் அவள் புருஷன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லாட்டி என்னாயிருக்கும்ண்ணே." பிள்ளைக்கு என் பெயரையே வைக்கப் போகிறானாம்.

நிஸாம் நானா கழற்றிக் கொடுத்த பழைய வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் போன பிறகுதான் அதை வெளியே எடுத்தேன்.