சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன்

அம்மா,

நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பவில்லை. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கப் போகிறேன். பால் ஃபிளாஸ்கில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு மாத்திரை, முன்னால் அல்ல.

பத்து மணிக்கு உதவித்தொகை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வருவார். சம்பாதிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் உதவித்தொகை கிடையாது என்ற புது விதிக்குப் பயந்துதானே நேற்று என் சட்டைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கினாய்? "கேட்டா, அவன் தனியா போயிட்டான்னு சொல்லிக்கிறேன்டா" என்றாய். நான் கத்தியது தப்பு. ஆனால் விதியை முழுக்கப் படித்துவிட்டேன். கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் பிள்ளையின் சம்பளத்தைச் சேர்க்க மாட்டார்கள்.

அதனால் இன்று ஒருநாள் வீம்பை விடு. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அந்த மேடத்திடம் ஆரம்பிக்காதே. குளிக்கவும் படி இறங்கவும் கை பிடிக்க ஆள் வேண்டும் என்று உள்ளதைச் சொல். காலேஜை ஏன் விட்டான் என்று கேட்டால், உன்னால் என்று சொல்லி அழாதே. எனக்குக் கணக்கும் வரவில்லை.

சாவி பக்கத்து வீட்டு டெய்லரிடம் இருக்கிறது. மணி அடித்தால் அவர் திறப்பார். நீ எழுந்து ஓடாதே.

பி.கு.: பெட்டியின் அடியில் என் கம்பளிச் சட்டையும் இருந்தது, காதுக்குல்லாவோடு. பொய்யாக அனுப்புகிற பிள்ளைக்குக் குளிருமா அம்மா?