முழங்கால் பட்டையைக் காரணம் காட்டிப் பறித்த வெற்றி

அனுப்புநர்:
ரொசவ்ரா கிஸ்பே குவாமான்,
ரொட்டிக்கடை, சந்தை மேடு,
யாக்குபாம்பா, லோஹா மாகாணம், எக்குவடோர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஊராட்சி விளையாட்டுக் குழு, யாக்குபாம்பா.

பொருள்: திருவிழா மகளிர் கைப்பந்து இறுதி ஆட்டம் – எங்கள் வெற்றியை ரத்து செய்தது – மறு ஆட்டம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கத்துக்கு மூவர் ஆடும் நம் ஊர்க் கைப்பந்தில், சந்தை மேடு அணிக்குப் பந்தை எழுப்பிக் கொடுப்பவள் நான். சென்ற ஆண்டுப் போட்டியில் குதித்து இறங்கியபோது வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின், இருபுறமும் இரும்புச் சட்டம் வைத்த பட்டையை அணிந்துகொண்டு நடக்கப் பழகினேன். அடுப்படியில் நின்று மாவு பிசைந்தேன். சந்தை மேட்டில் ஏறி இறங்கினேன். முழங்காலை மீண்டும் மடக்க முடிந்த முதல் நாள் கடையில் ஆள் இல்லாததால் தாராளமாக அழுதேன். பட்டையுடன் ஆடலாம் என்று மருத்துவர் அனுமதித்தார்.

2. இறுதி ஆட்டத்துக்கு முன் நடுவர் தோன் எவுதோரோ பட்டையைத் தடவிப் பார்த்தார். சட்டத்தின் மேல் துணி சுற்றச் சொன்னார், சுற்றினேன். சம்மதித்த பின்பே விசில் ஊதினார்.

3. கடைசிப் புள்ளிக்கு நான் தயங்கி நின்றது உண்மை. "அக்கா, காலப் பாக்காத, பந்தப் பாரு!" என்று எங்கள் லிவியா கத்தினாள். பார்த்தேன். எழுப்பினேன். அவள் அடித்தது எதிரணியின் கோட்டுக்குள் விழுந்தது. வென்றோம்.

4. அதன் பிறகே எதிரணித் தலைவி தர்ஹேலியா, "இரும்புக் காலோட இடிச்சிருந்தா எங்க எலும்பு என்னத்துக்காகும்? கோப்பைய எங்ககிட்ட குடுங்க!" என்றார். எங்களுக்கு நடுவே வலை இருந்தது, ஐயா. என் கால் யார் மீதும் படவில்லை. ஆயினும் நடுவர் கோப்பையை அவர்களிடம் கொடுத்தார். என் கழுத்தில் 'மன உறுதிப் பதக்கம்' ஒன்றை மாட்டி, "பாவம்மா நீ, இத வச்சுக்க" என்றார். ஊரே கைதட்டியது. நான் விழுந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

நான் பாவம் இல்லை. பதக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

கோப்பையை வெறும் எழுத்து உத்தரவால் எங்களுக்கு மாற்றித் தர வேண்டாம். அந்தத் தீர்ப்பை நீக்கி, அதே இரு அணிகளுக்கும் மறு ஆட்டம் நடத்தக் கோருகிறேன். பட்டையுடன்தான் இறங்குவேன். எனக்காக வலையை ஓர் அங்குலமும் தாழ்த்த வேண்டாம்.

நாள்: 14 ஆகஸ்ட்
இடம்: யாக்குபாம்பா

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ரொசவ்ரா கிஸ்பே குவாமான்
சந்தை மேடு அணி